பயாப்ஸி எடுக்காமலேயே புற்றுநோய் என்கிறார்களே, நம்பலாமா?

வாசகியின் கடிதம் (சுருக்கப்பட்டுள்ளது):

டாக்டருக்கு வணக்கம். எனக்கு 27 வயது. நாமக்கல் மாவட்டத்தில் ஒரு கிராமம். கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்து முதல்முறையாகக் கரு தரித்தது. 11-வது வாரம் லேசாக ரத்தம் பட்டதால் ஸ்கேன் எடுத்தோம். குழந்தை இல்லை, நஞ்சுக்கொடி மட்டும் முத்து முத்தாக வளரும் ‘முத்துப்பிள்ளை’ என்றார்கள். அப்போது ரத்தத்தில் பீட்டா எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோன் 1,42,000. மறுநாளே சுத்தம் செய்தார்கள். எடுத்த சதையைப் பரிசோதித்ததில் ‘முழு முத்துப்பிள்ளை, புற்றுநோய் இல்லை’ என்று ரிப்போர்ட் வந்தது. வாராவாரம் ரத்தம் கொடுக்கச் சொன்னார்கள். 18,600, 2,940, 1,120 என்று இறங்கிக்கொண்டே வந்தது. அப்புறம் 1,180, 1,410, 1,690 என்று ஏறிவிட்டது. திருச்சிக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்கேனில் கர்ப்பப்பைச் சுவருக்குள் 2.5 செ.மீ. அளவில், ரத்த ஓட்டம் அதிகமுள்ள ஒரு கட்டி தெரிகிறது. மார்பு எக்ஸ்ரே நார்மல். ஆனால் சி.டி. ஸ்கேனில் நுரையீரலில் 4 மி.மீ. அளவில் இரண்டு புள்ளிகள்.

இது ஒருவகைப் புற்றுநோய், கீமோ ஊசி போட வேண்டும் என்கிறார்கள். பயாப்ஸி எடுக்கவில்லையா என்றால் தேவையில்லை என்கிறார்கள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை விட்டது என்பது மாமியாரின் யோசனை. இன்னொரு தடவை சுத்தம் செய்தால் போதாதா என்று அம்மா கேட்கிறார். நாத்தனார் நாட்டு மருந்து வாங்கி வைத்திருக்கிறார். இது என்னால் வந்ததா? எனக்குக் குழந்தை பிறக்குமா? முடி கொட்டுமா? அடுத்த மாதம் தம்பி கல்யாணம், போகலாமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

நம்பலாம். உங்கள் மருத்துவர்கள் சொன்னது சரி. பயாப்ஸி எடுக்காமல் விட்டதும் சரி. உங்கள் ஃபைலை நான் நேரில் பார்க்கவில்லை. கடிதத்தில் எழுதிய எண்களை வைத்துத்தான் சொல்கிறேன். ஆனால் இந்த நோயில் எண்கள்தான் முக்கால்வாசி நோயறிதல். அவற்றை நீங்கள் ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்.

மற்ற புற்றுநோய்களில் ஒரு துண்டுச் சதையை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்காமல் கீமோ தொடங்க மாட்டோம். இங்கே விதிவிலக்கு ஏன் என்றால், இது நஞ்சுக்கொடியின் செல்லிலிருந்து வரும் நோய். கர்ப்பம் என்று சிறுநீர் அட்டையில் இரண்டு கோடு காட்ட வைக்கும் எச்.சி.ஜி. ஹார்மோனைச் சுரப்பவை அந்தச் செல்கள்தான். அவை கர்ப்பப்பையில் இருந்தாலும் நுரையீரலுக்குப் போய் உட்கார்ந்தாலும் அந்த ஹார்மோனைச் சுரந்துகொண்டேதான் இருக்கும். ரத்தத்தில் எச்.சி.ஜி. எவ்வளவு என்று பார்த்தால், உடம்பில் உயிரோடு உள்ள நோய்ச் செல்கள் கூடுகின்றனவா குறைகின்றனவா என்று தெரிந்துவிடும். இத்தனை நம்பகமான ரத்தப் பரிசோதனை வேறு எந்தப் புற்றுநோய்க்கும் கிடையாது என்றே சொல்லலாம்.

முத்துப்பிள்ளையைச் சுத்தம் செய்த பிறகு இந்த எண் வாராவாரம் இறங்கி 5-க்குக் கீழே வர வேண்டும். அப்படி வராமல் மூன்று வாரங்களில் எடுத்த நான்கு பரிசோதனைகளிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றாலோ, இரண்டு வாரங்களில் எடுத்த மூன்று பரிசோதனைகளில் பத்து சதவீதத்துக்கு மேல் ஏறிக்கொண்டே போனாலோ, நோய் மிஞ்சியிருக்கிறது என்று முடிவு செய்கிறோம். மகப்பேறு மருத்துவர்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிகோ வகுத்த விதி இது; உலகம் முழுக்க இதுதான் நடைமுறை. உங்கள் கடைசி மூன்று எண்களைப் பாருங்கள்: 1,180, 1,410, 1,690. ஒவ்வொரு வாரமும் கிட்டத்தட்ட இருபது சதவீத ஏற்றம். விதி பொருந்திவிட்டது.

இந்த இடத்தில் ஒன்றை மட்டும் உறுதி செய்ய வேண்டும். எண் ஏறுவதற்கு இன்னொரு காரணம், இடையில் புதிதாகக் கரு தரித்திருப்பது. அதை ஸ்கேன் சொல்லிவிடும். உங்களுக்குச் சுவரில் கட்டி தெரிகிறது, புதுக் கரு தெரிந்ததாக நீங்கள் எழுதவில்லை என்பதால் அந்தச் சந்தேகத்தை அவர்கள் தீர்த்துக்கொண்டிருப்பார்கள். இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தப்பில்லை.

பயாப்ஸி எடுக்காததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. டாப்ளர் ஸ்கேனில் ‘ரத்த ஓட்டம் அதிகம்’ என்று போட்டிருக்கிறார்கள் அல்லவா? நஞ்சுக்கொடியின் வேலையே தாயின் ரத்தக் குழாய்களைத் துளைத்து ரத்தம் வாங்குவது. அந்தக் குணம் இந்தச் செல்களிடமும் இருக்கிறது. கட்டியில் ஊசியையோ கத்தியையோ வைத்தால் ரத்தம் கொட்டும், சிலசமயம் நிறுத்தவே முடியாதபடி. இந்த நோய் பிறப்புறுப்பில் நீலநிறக் கட்டியாகப் பரவியிருந்தால், ‘சின்னதாக ஒரு துண்டு எடுத்துப் பார்க்கலாமே’ என்று யாரும் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் பயிற்சி மருத்துவர்களுக்குத் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுக்கும் பாடம்.

‘முதல் ரிப்போர்ட்டில் புற்றுநோய் இல்லை என்றுதானே வந்தது?’ என்பது உங்கள் ஆதங்கம். அந்த ரிப்போர்ட் பொய்யில்லை. அது வெளியே எடுத்த சதையைப் பற்றிய ரிப்போர்ட். சுவருக்குள் ஊடுருவி அங்கேயே தங்கிவிட்ட செல்களைப் பற்றி அதற்குத் தெரியாது. முழு முத்துப்பிள்ளை வந்த பெண்களில் நூற்றுக்குப் பதினைந்திலிருந்து இருபது பேருக்கு இப்படி மிஞ்சுகிறது. பகுதி முத்துப்பிள்ளை என்று இன்னொரு வகை உண்டு; அதில் ஒன்றிலிருந்து ஐந்து பேருக்குத்தான். யாருக்கு மிஞ்சும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாததால்தான் எல்லோரையும் வாராவாரம் ரத்தம் கொடுக்கச் சொல்கிறோம். நீங்கள் ஒரு வாரமும் தவறாமல் கொடுத்ததால் எண் 1,690-இல் இருக்கும்போதே பிடிபட்டிருக்கிறது. ‘அதான் சுத்தம் பண்ணியாச்சே’ என்று இருந்துவிட்டு, இருமலில் ரத்தம் வந்த பிறகு, எண் லட்சங்களில் நிற்கும்போது வருகிறவர்களும் உண்டு.

இது உங்களால் வந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. பப்பாளி தின்றதாலோ, வண்டியில் போனதாலோ, கண் பட்டதாலோ வருவதில்லை. முழு முத்துப்பிள்ளை எப்படி உண்டாகிறது என்பது நன்றாகவே தெரிந்த விஷயம். தாயின் குரோமோசோம்கள் இல்லாத வெற்று முட்டைக்குள் ஒரு விந்தணு போகிறது. அதிலுள்ள 23 குரோமோசோம்களும் தங்களை இரட்டித்துக்கொண்டு 46 ஆகின்றன. சிலருக்கு இரண்டு விந்தணுக்கள் போவதும் உண்டு. எப்படியானாலும் தந்தையின் பங்கு மட்டும்தான் இருக்கும். அதனால் குழந்தை உருவாகாமல், நஞ்சுக்கொடி மட்டும் நீர்கோத்த முத்து முத்தாக வளர்கிறது. இதைப் படித்துவிட்டு உடனே வீட்டுக்காரர் மேல் பழியைப் போட்டுவிடாதீர்கள்! அவர் உடம்பிலும் ஒரு குறையும் இல்லை. கரு உருவாகும் நொடியில் நடக்கும் பிசகு அது. வயதைப் பொறுத்தவரை, இருபதுக்குக் கீழும் நாற்பதுக்கு மேலும் கொஞ்சம் அதிகம். நீங்கள் இரண்டிலும் இல்லை.

சரி, இனி சி.டி.யில் தெரிந்த அந்த இரண்டு புள்ளிகள். கடிதத்தில் உங்கள் கையெழுத்து நடுங்கியிருப்பது அந்த வரியில்தான். ‘நுரையீரலுக்குப் பரவிவிட்டது’ என்று கேட்டால் யாருக்கும் வயிறு கலங்கும். ஆனால் இந்த நோயில் அந்த வாக்கியத்துக்கு மற்ற புற்றுநோய்களில் உள்ள அர்த்தம் கிடையாது.

சிகிச்சையை முடிவு செய்ய நாங்கள் ஒரு மதிப்பெண் போடுகிறோம். உங்களுக்கு நானே போட்டுப் பார்த்தேன். வயது நாற்பதுக்குக் கீழ்: 0. முந்தைய கர்ப்பம் முத்துப்பிள்ளை: 0; அதுவே கருச்சிதைவு என்றால் 1, பிரசவம் என்றால் 2. அந்தக் கர்ப்பம் முடிந்து நான்கு மாதம் ஆகவில்லை: 0. எச்.சி.ஜி. ஆயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் நடுவில்: 1. கட்டி மூன்று சென்டிமீட்டருக்குக் கீழ்: 0. இதற்கு முன் கீமோ எடுத்ததில்லை: 0. மிச்சம் இருப்பது பரவிய இடமும் எண்ணிக்கையும். நுரையீரலில் எத்தனை என்று எண்ணுவதற்கு எக்ஸ்ரேதான் கணக்கு, சி.டி. அல்ல. எக்ஸ்ரேயில் தெரியாத பொடிப்புள்ளிகள் சி.டி.யில் பலருக்கும் தெரியும். அவை சிகிச்சையை மாற்றுவதில்லை. ஆக, உங்கள் மொத்தம் 1. வீம்புக்கு அந்த இரண்டு புள்ளியையும் சேர்த்து எண்ணினாலும் 2. பரவும் இடங்களில் நுரையீரலுக்கு மதிப்பெண்ணே பூஜ்யம்தான்; கல்லீரலுக்கும் மூளைக்கும்தான் 4.

0 முதல் 6 வரை குறைந்த ஆபத்து. 7-உம் அதற்கு மேலும் அதிக ஆபத்து. குறைந்த ஆபத்துப் பிரிவில் குணமாகிறவர்கள் கிட்டத்தட்ட நூறு சதவீதம். ‘கிட்டத்தட்ட’ என்று நான் போட்டது மருத்துவர்களின் பழக்கதோஷம்.

உங்களுக்குச் சொல்லியிருப்பது அநேகமாக மெத்தோட்ரெக்ஸேட் ஊசியாக இருக்கும். எட்டு நாள் முறைதான் அதிகம் வழக்கத்தில் உள்ளது. 1, 3, 5, 7-ஆம் நாட்களில் தசையில் 50 மில்லிகிராம் ஊசி. 2, 4, 6, 8-ஆம் நாட்களில், ஊசியின் நச்சைத் தணிக்க ஃபோலினிக் ஆசிட் மாத்திரை. அப்புறம் ஓய்வு. முதல் ஊசியிலிருந்து பதினாலு நாள் கழித்து அடுத்த சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் மூன்றையும் பரிசோதிப்பார்கள். எச்.சி.ஜி. வாராவாரம். இதற்குப் பதிலாக ஆக்டினோமைசின்-டி என்ற மருந்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் முறையும் உண்டு. இரண்டுமே நல்ல மருந்துகள். ஒரு மருத்துவமனை ஒன்றைச் சொல்லி இன்னொன்று மற்றதைச் சொன்னால் குழம்ப வேண்டாம்.

முடி? மெத்தோட்ரெக்ஸேட்டில் பொதுவாகக் கொட்டாது. சினிமாவில் காட்டும் கீமோ இது இல்லை. தொல்லை தருவது வாய்ப்புண். மூன்றாவது ஊசிக்கு அப்புறம் காரம் பட்டால் எரியும். உப்புநீரில் அடிக்கடி கொப்பளியுங்கள், தயிர்சாதமும் இளநீரும் போதும் அந்த நாட்களுக்கு. கண் உறுத்தலாம், மூச்சிழுக்கும்போது மார்பு ஓரத்தில் குத்தலாம். இரண்டையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டரை, மூன்று லிட்டர் தண்ணீர் குடியுங்கள். மருந்து சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது.

இப்போது சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். கர்ப்பம் உறுதியானவுடன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சத்து மாத்திரை கொடுத்திருப்பார்கள். இரும்புச் சத்தும் ஃபோலிக் ஆசிடும் சேர்ந்த அந்த மாத்திரை வீட்டில் மிச்சம் இருக்கும். ‘ஊசி போட்டு இளைத்துப் போயிருக்கிறாள், ரத்தம் ஊறட்டும்’ என்று வீட்டில் யாராவது அதை எடுத்துக் கொடுப்பார்கள். வேண்டாம். மெத்தோட்ரெக்ஸேட் வேலை செய்வதே செல்களுக்கு ஃபோலிக் ஆசிட் பயன்படாமல் தடுத்துத்தான். நீங்கள் அதை மாத்திரையாக உள்ளே தள்ளினால் மருந்தின் கையைக் கட்டிப்போட்டது மாதிரி. ஃபோலினிக் ஆசிட் வேறு, ஃபோலிக் ஆசிட் வேறு. முதலாவதை மருத்துவர் சொன்ன நாளில் மட்டும் எடுக்க வேண்டும், இரண்டாவதைத் தொடவே கூடாது. முருங்கைக் கீரை, பருப்பு எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். உணவில் இருப்பது பிரச்சினை இல்லை. அதேபோல் உடம்புவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை வாங்கிப் போடாதீர்கள். கோட்ரைமாக்ஸசோல் என்ற ஆன்டிபயாடிக்கும் கூடாது. இவை மெத்தோட்ரெக்ஸேட்டின் நச்சைக் கூட்டிவிடும். காய்ச்சல், வலிக்கு எது சரி என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த மருந்தின் கதையில் நம்ம ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. ஃபோலிக் ஆசிடை எதிர்க்கும் மருந்துகளை உருவாக்கிய அமெரிக்க லெடர்லி ஆய்வகத்தின் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1948-இல் இறந்துவிட்டார், இந்த நோயில் அது என்ன செய்யும் என்று பார்க்க அவர் இல்லை. 1956-இல் அமெரிக்காவின் பெதெஸ்டாவில் மின் சியூ லீ, ராய் ஹெர்ட்ஸ் என்ற இரு மருத்துவர்கள், கோரியோகார்சினோமா நுரையீரல் முழுக்கப் பரவியிருந்த ஒரு பெண்ணுக்கு மெத்தோட்ரெக்ஸேட்டைக் கொடுத்தார்கள். உங்கள் நோயின் முற்றிய வடிவம் அது. அன்றைக்கு அந்த நிலையில் வந்தவர்கள் பெரும்பாலும் பிழைத்ததில்லை. அந்தப் பெண்ணுக்கு நோய் மறைந்தது. பரவிய திடக்கட்டிப் புற்றுநோய் ஒன்று மருந்தால் மட்டுமே குணமானது அதுதான் முதல்முறை.

லீ பிடிவாதக்காரர். எக்ஸ்ரே சுத்தமாகிவிட்டது, பெண் நன்றாக நடமாடுகிறாள், ஆனால் எச்.சி.ஜி. கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அவர் ஊசியை நிறுத்தவில்லை. நலமாக இருப்பவர்களுக்கு விஷத்தை ஏற்றுகிறார் என்று மேலிடத்தில் புகாராகி, வேலையையே இழந்தார். பின்னால் பார்த்தால், எண் பூஜ்யமாகும் முன்பே நிறுத்தப்பட்டவர்களுக்கு நோய் திரும்பியது. அவர் விடாமல் பிடித்தவர்களுக்கு வரவில்லை. 1972-இல் லஸ்கர் விருது கொடுத்தார்கள்.

இதை வேலை மெனக்கெட்டு உங்களுக்குச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று நான்கு சுற்றில் உங்கள் எண் 5-க்குக் கீழே வந்துவிடலாம். ரத்தப்போக்கு நின்றிருக்கும், முகம் தெளிந்திருக்கும். அப்போது மருத்துவர் ‘இன்னும் மூன்று சுற்று’ என்பார். ‘நார்மல்தான் ஆயிடுச்சே, இன்னும் எதுக்கு ஊசி, பணம் பிடுங்கவா?’ என்று வீட்டில் ஒரு பேச்சு கிளம்பும். கோரையை மேலாக அறுத்துவிட்டால் வயல் சுத்தமாகத்தான் தெரியும். கிழங்கு அடியில் கிடக்கும். லேப் கருவியால் எண்ண முடியாத அளவுக்குக் கொஞ்சம் செல்கள் மிஞ்சியிருக்கக்கூடும் என்பதற்காகத்தான் அந்த ஆறு வார ஊசி. அதை வெட்டிக் குறைக்காதீர்கள். பாதியில் நிறுத்தித் திரும்பி வருகிறவர்களுக்குத்தான் பெரிய மருந்து தேவைப்படுகிறது.

இன்னொன்றும் நடக்கலாம். முதல் இரண்டு சுற்றில் நன்றாக இறங்கி, அப்புறம் எண் அசையாமல் நிற்கலாம். குறைந்த ஆபத்துப் பிரிவில் மூன்று அல்லது நான்கு பேரில் ஒருவருக்கு மெத்தோட்ரெக்ஸேட் மட்டும் போதாமல் மருந்தை மாற்ற வேண்டி வருகிறது. உங்கள் மதிப்பெண்ணுக்கு அந்த வாய்ப்பு இதைவிடக் குறைவு. மாற்றினால் ஆக்டினோமைசின்-டி, அதுவும் போதாவிட்டால் ஐந்து மருந்துகள் சேர்ந்த இ.எம்.ஏ.-சி.ஓ. என்ற முறை. கடைசியாகச் சொன்னதில் முடி நன்றாகவே கொட்டும், ஆக்டினோமைசினிலும் கொஞ்சம் கொட்டலாம். சிகிச்சை முடிந்தபின் முளைத்துவிடும். மருந்து மாற்றினார்கள் என்றால் கைவிட்டதாக அர்த்தமில்லை. அப்படி மாறியவர்களும் குணமாகித்தான் வீட்டுக்குப் போகிறார்கள்.

ரத்தப் பரிசோதனையை ஒரே லேபில் செய்யுங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் ஒவ்வொரு லேப் கருவியும் எச்.சி.ஜி.யை அளக்கும் விதம் கொஞ்சம் வேறுபடும். இந்த வாரம் நாமக்கல், அடுத்த வாரம் திருச்சி என்று மாற்றினால் இல்லாத ஏற்றம் இருப்பதாகத் தோன்றும், இருக்கிற ஏற்றம் மறைந்துபோகும். ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கடிதத்தில் எழுதியது போலவே.

கர்ப்பப்பையை எடுக்கும் யோசனைக்கு வருவோம். உங்கள் மாமியார் உங்கள் மேல் அக்கறையில்தான் சொல்கிறார். நாற்பதைத் தாண்டி, பிள்ளைகள் பெற்று முடித்தவர் என்றால் நானும் அதைப் பற்றிப் பேசியிருப்பேன். கர்ப்பப்பையை எடுத்தால் கீமோ சுற்றுகள் குறையலாம். ஆனால் தேவையே இருக்காது என்று உத்தரவாதம் இல்லை. ரத்தத்தில் கலந்த செல்கள் கத்திக்கு அகப்படாது. எடுத்த பிறகும் வாராவாரம் எச்.சி.ஜி. பார்த்தே ஆக வேண்டும். 27 வயதில், பிள்ளை வேண்டும் என்று இருக்கிற, மதிப்பெண் 1 உள்ள பெண்ணுக்கு அந்த அறுவை சிகிச்சை எதற்கும் தேவையில்லை. ரத்தப்போக்கை வேறெப்படியும் நிறுத்த முடியாத அவசரத்தில் மட்டும்தான் அந்தப் பேச்சு. நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடத்தில் வரும் வேறொரு அபூர்வ வகைக் கட்டி இருக்கிறது. அது கீமோவுக்கு அவ்வளவாக மசியாது, அதற்கு அறுவைதான் முதல் சிகிச்சை. உங்கள் எண்களின் போக்கைப் பார்த்தால் அந்த வகை மாதிரி இல்லை.

அம்மா கேட்ட மறுசுத்தம் நியாயமான கேள்விதான். கர்ப்பப்பையின் உள்குழியில் மட்டும் மிச்சம் இருப்பவர்களில் சிலர் இரண்டாவது முறை சுத்தம் செய்ததிலேயே கீமோவிலிருந்து தப்பித்திருக்கிறார்கள். உங்களுக்கு இருப்பது சுவரின் தசைக்குள். சுரண்டினால் அது வராது, சுவரில் ஓட்டை விழவும் ரத்தம் கொட்டவும் வாய்ப்பு அதிகம்.

நாட்டு மருந்தை எடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள். சண்டை வேண்டாம், ‘ஊசி முடியட்டும் அண்ணி’ என்று சொல்லிச் சமாளியுங்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. மெத்தோட்ரெக்ஸேட் கல்லீரலில் வேலை வைக்கும் மருந்து. ரத்தத்தில் கல்லீரல் எண் ஏறினால் அது எதனால் என்று கண்டுபிடிக்க முடியாமல் ஊசியையே தள்ளிப்போட வேண்டி வரும்.

குழந்தை பிறக்குமா என்றால், பிறக்கும் என்று எதிர்பார்க்க எல்லா நியாயமும் இருக்கிறது. மெத்தோட்ரெக்ஸேட் முட்டைகளைக் காலி செய்வதில்லை. இந்தச் சிகிச்சைக்குப் பிறகு கருத்தரித்து நல்லபடியாகப் பெற்றவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். மறுபடியும் முத்துப்பிள்ளை வரும் வாய்ப்பு நூற்றில் ஒருவர், மிஞ்சினால் இருவர். ஆனால் கடைசி ஊசியிலிருந்து ஒரு வருஷம் கரு தரிக்கக் கூடாது. நோய் திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் அந்த ஒரு வருஷத்துக்குள் திரும்பும், அதைக் காட்டிக்கொடுப்பது எச்.சி.ஜி. ஒன்றுதான். அந்த நேரத்தில் கரு தரித்தால் எண் ஏறுவது குழந்தையாலா நோயாலா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த வருஷம் முழுக்க மாதம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை. கருத்தடை மாத்திரையோ ஆணுறையோ, இரண்டுமே சரி. காப்பர்-டி மட்டும் எண் நார்மலாகும் வரை வேண்டாம், நோயுள்ள சுவரை அது துளைத்துவிடலாம். ‘இன்னும் விசேஷம் இல்லையா?’ என்று ஊரில் கேட்பவர்களுக்கு ‘டாக்டர் தள்ளிப்போடச் சொல்லியிருக்கிறார்’ என்று என் தலையில் போட்டுவிடுங்கள். அடுத்த கர்ப்பத்தில் சீக்கிரமே ஒரு ஸ்கேன், பிரசவமாகி ஆறு வாரம் கழித்து ஒரு எச்.சி.ஜி. அவ்வளவுதான் கூடுதல் கவனிப்பு.

செலவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். மெத்தோட்ரெக்ஸேட் பழைய மருந்து, விலை குறைவு. அரசு மருத்துவமனைகளில் கிடைக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் திருச்சியிலேயே கேட்டுப் பாருங்கள். மருந்தைவிட உங்களை வாட்டப்போவது போக்குவரத்துதான், ஒருநாள் விட்டு ஒருநாள் திருச்சிக்குப் பஸ் ஏறுவது லேசில்லை. முதல் சுற்றை அங்கேயே தங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். உடம்புக்கு ஒத்துக்கொண்டால், பக்கத்து அரசு மருத்துவமனையில் அடுத்த ஊசிகளைப் போட ஒரு கடிதம் தர முடியுமா என்று கேளுங்கள். பல மருத்துவர்கள் சம்மதிப்பார்கள்.

இதைப் படிக்கும் மற்ற பெண்களுக்கு இரண்டு வரி. இந்த நோய் முத்துப்பிள்ளைக்குப் பிறகு மட்டும் வருவதில்லை. சாதாரணக் கருச்சிதைவுக்குப் பிறகும், அபூர்வமாக, சுகப்பிரசவத்துக்குப் பிறகும் வரும். கருச்சிதைவோ பிரசவமோ ஆகி மாதக்கணக்கில் ரத்தப்போக்கு ஓயாமல் இருந்தாலோ, அந்தக் காலத்தில் இருமலில் ரத்தம் வந்தாலோ, ஒரு பீட்டா எச்.சி.ஜி. பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இருமலில் ரத்தம் என்றால் நம் ஊரில் முதலில் காசநோய்தான் நினைவுக்கு வரும். அதைப் பார்க்கட்டும், கூடவே இதையும் பார்க்கட்டும். கருச்சிதைவுக்குச் சுத்தம் செய்தால் எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்பதையும் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, தம்பி கல்யாணம். போகலாம். ஊசி ஆரம்பிக்கும் முன்பே முகூர்த்தத் தேதியை மருத்துவரிடம் சொல்லிவிட்டால், அந்த நாள் சுற்றின் ஓய்வு வாரத்தில் விழுமாறு ஆரம்பத் தேதியை ஓரிரு நாள் தள்ளி வைத்துக்கொள்ள முடியும். அதற்குமேல் தள்ளாதீர்கள். பந்தியில் காரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், சளி, காய்ச்சலோடு வந்திருக்கும் உறவுக்காரர்களிடமிருந்து கொஞ்சம் எட்டி உட்காருங்கள். இந்த மருந்தில் வெயில் பட்டால் தோல் சட்டென்று கறுத்து எரியும், அதனால் பெண்ணழைப்பு ஊர்வலத்தில் மத்தியான வெயிலில் நடக்க வேண்டாம். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினால், சேலை நனையும் அளவுக்கு ரத்தப்போக்கு வந்தால், மூச்சு வாங்கினால், மண்டபத்திலிருந்தே நேராக மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள். ரிப்போர்ட் ஃபைல் கையில் இருக்கட்டும்.